எம்ஆர்எஸ்ஏ தொற்றுக்குப் பின் மாமனார் வீடு திரும்புகிறார்: ஒரே குளியலறை உள்ள வீட்டில் எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: ஆயர் ஈத்தாம் மருமகள்

அனைவருக்கும் வணக்கம். பினாங்கு ஆயர் ஈத்தாமில் மூன்று அறை கொண்ட அடுக்குமாடி வீட்டில் மாமனார், மாமியார், கணவர், கொழுந்தன், நான், இரண்டு வயது மகன் என ஆறு பேர் இருக்கிறோம். ஆறு பேருக்கும் ஒரே குளியலறைதான். மாமனாருக்கு வயது 64. பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு இருக்கிறது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் முடியிறக்கிவிட்டு வந்த பத்தாம் நாள் வாக்கில் அவருடைய பிடரியில் ஒரு கட்டி கிளம்பியது. மொட்டைத் தலையோடு வெயிலில் நடந்ததால் வந்த சூட்டுக்கட்டி என்று சொல்லி மாமியார் மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பற்றுப் போட்டார். கொழுந்தன் அதைப் பிதுக்கியும் பார்த்துவிட்டார். கிளினிக் ஒன்றில் கொடுத்த மாத்திரையை ஐந்து நாள் சாப்பிட்டும் கட்டி அடங்கவில்லை. சல்லடைக் கண் போலப் பல வாய் வைத்துச் சீழ் கசிந்தது. ஆறாம் நாள் இரவு பற்கள் கிட்டும் அளவுக்கு நடுக்கம் கண்டு, பேச்சும் குழறத் தொடங்கியதால் மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினோம்.

அங்கே இதை ராஜபிளவை என்றார்கள். அன்றிரவே அறுத்துச் சீழை வெளியேற்றினார்கள். சீழ், இரத்தம் இரண்டின் பரிசோதனையிலும் எம்ஆர்எஸ்ஏ, அதாவது வழக்கமான ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பலவற்றுக்கு அடங்காத கிருமி, என்று வந்தது. இதயத்தை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, நான்கு வாரம் வான்கோமைசின் மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். இப்போது இரத்தத்தில் கிருமி இல்லை. வரும் வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்; ஆனால் பிடரிப் புண் இன்னும் ஐம்பது சென் நாணயம் அளவுக்குத் திறந்தே இருக்கிறது.

வார்டில் அவருக்குத் தனியறை கொடுத்து, கதவில் அறிவிப்பு ஒட்டி, அங்கியும் கையுறையும் அணியாமல் யாரும் உள்ளே போகக் கூடாது என்று வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மட்டும் "கையை நன்றாகக் கழுவுங்கள், வழக்கம் போல இருங்கள்" என்று இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார்கள். இவற்றில் எதை நம்புவது என்று எனக்குப் புரியவில்லை. மகனுக்கு முழங்கை மடிப்பில் எக்ஸிமா இருக்கிறது. பிள்ளையைச் சில மாதம் சுங்கை பட்டாணியில் என் அம்மா வீட்டில் விட்டுவிடச் சொல்கிறார் நாத்தனார். மாமனாரோ, "எனக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டும் மடக்குக் கட்டிலும் போதும், பேரனை என் பக்கம் விடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் மடியில் உட்கார்ந்தே சோறு உண்டு பழகிய பிள்ளை அது.

தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக வைக்க வேண்டுமா? துணியை எப்படித் துவைப்பது? குளியலறையை என்ன செய்வது? பிள்ளையை அனுப்பித்தான் ஆக வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில் 1: பழைய வார்டு மிஸி

தங்கச்சி, 27 ஆண்டுகள் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் அந்த அங்கி, கையுறை விஷயத்தைத் தெளிவுபடுத்திக் கொள்ளுங்கள். வார்டில் ஒரு தாதி உங்கள் மாமனாரைத் தொட்ட கையோடு அடுத்த கட்டிலில் அறுவை சிகிச்சை முடிந்து கிடப்பவரையும், அதற்கடுத்த கட்டிலில் டயாலிசிஸ் குழாயோடு இருப்பவரையும் தொட வேண்டியிருக்கும். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் தோலில் ஏதோ ஒரு திறப்பு உள்ளவர்கள். கிருமி உள்ளே இறங்க அந்தத் திறப்பு போதும். உங்கள் வீட்டில் அந்த நிலை இல்லை. எனவே மருத்துவமனையில் செய்ததும் சரி, வீட்டுக்குச் சொன்னதும் சரி; இரண்டு நிமிடத்தில் சொன்னதுதான் தவறு.

இந்தக் கிருமி ஸ்டேஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற சாதாரணக் கிருமியின் ஒரு வகைதான். நோய் எதுவும் இல்லாத மனிதர்களில் ஏறக்குறைய பத்தில் மூன்று பேர் இதன் சாதாரண வகையை மூக்கிலேயே சுமந்துகொண்டிருக்கிறார்கள். உங்களிடமோ என்னிடமோ கூட இருக்கலாம். புண், சீழ், அவற்றைத் தொட்ட கை, அவற்றில் பட்ட துணி ஆகியவற்றின் வழியாகத்தான் இது பெரும்பாலும் பரவுகிறது. ஆகவே ஒருவரைத் தனியே உட்கார வைப்பதால் கிடைக்கும் பயனைவிட, அவருடைய துண்டைத் தனியே தொங்கவிடுவதால் கிடைக்கும் பயன் பல மடங்கு அதிகம்.

துண்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் கோட்டை விடும் இடம் அதுதான். குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒரே ஆணியில் நான்கு துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாக, ஈரத்தோடு தொங்கும். கை துடைக்கப் பொதுத்துண்டு ஒன்று சமையலறையில் கிடக்கும். இரண்டையும் நிறுத்துங்கள். ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு ஆணி, ஆணிகளுக்கிடையே ஒரு முழம் இடைவெளி இருக்கட்டும். கட்டி சோப்பை எடுத்துவிட்டு அழுத்தும் போத்தலில் திரவ சோப்பு வையுங்கள். சவரக் கத்தி, நகவெட்டி, உடம்பு தேய்க்கும் நார், சீப்பு எதையும் பகிர வேண்டாம். தட்டும் டம்ளரும் வழக்கம் போல சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். அந்தப் பிளாஸ்டிக் தட்டைத் தூக்கிப் போடுங்கள்.

புண்ணுக்குக் கட்டுப் போடும் வேலையை ஒருவரே பொறுப்பெடுத்துக்கொள்வது நல்லது. தேவையான பஞ்சு, துணி, பிளாஸ்திரி எல்லாவற்றையும் முன்னதாகவே பிரித்து ஒரு தட்டில் பரப்பி வைத்துக்கொள்ளுங்கள். பாதி வேலையில் அலமாரியைத் திறக்கப் போனால் கைப்பிடியில் கிருமி ஒட்டிக்கொள்ளும். கையைக் கழுவி, கையுறை போட்டு, பழைய கட்டை உள்பக்கமாக மடித்து எடுத்து நேராகப் பிளாஸ்டிக் பையில் போடுங்கள். பிறகு அந்தக் கையுறையைக் கழற்றி, மறுபடி கையைச் சுத்தம் செய்து, புதுக் கையுறையோடுதான் புதுக்கட்டைப் போட வேண்டும். பலர் இந்த நடுக்கட்டத்தைத் தாண்டிவிடுகிறார்கள். முடிந்ததும் பையை இறுகக் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, மீண்டும் கையைக் கழுவுங்கள். சோப்பு இல்லாத இடத்தில் ஆல்கஹால் கைச்சுத்திகரிப்பான் இந்தக் கிருமிக்கு நன்றாகவே வேலை செய்யும். கட்டு நனைந்து வெளியே ஈரம் தெரிந்தால் உடனே மாற்றுங்கள். வெளியில் கசியாமல் புண் மூடியிருக்கும் வரை பேரன் தாத்தா மடியில் உட்காரலாம். பிள்ளையை ஊருக்கு அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் எக்ஸிமா தோல் வெடித்துப் போகாமல் ஈரப்பதக் களிம்பு தடவி வாருங்கள், நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், ஒரே மெத்தையில் இருவரையும் இப்போதைக்குப் படுக்க வைக்காதீர்கள்.

துணிக்கு வழக்கமான சோப்புத்தூளே போதும். துணி தாங்குமானால் வெந்நீரில் துவைப்பது நல்லது. முக்கியம் என்னவென்றால் துணி முழுவதும் காய வேண்டும். அடுக்குமாடியில் மழைக்காலத்தில் காயாது என்றால், காசு போட்டு இயக்கும் டோபிக் கடையின் சூட்டு உலர்த்தியில் போட்டு எடுத்துவிடுங்கள். அழுக்குத் துணியை உதறாதீர்கள். கதவுக் கைப்பிடி, குழாய், டிவி ரிமோட், கைப்பேசி ஆகியவற்றை நாளுக்கு ஒரு முறை துடையுங்கள், ஏனென்றால் இது உலர்ந்த பரப்பிலும் நாள் கணக்கில், சில வேளை வாரக் கணக்கில் உயிரோடு இருக்கும். குளோராக்ஸ் போன்ற பிளீச் பயன்படுத்தினால் போத்தலில் சொல்லியுள்ள அளவில் தண்ணீர் கலந்து பயன்படுத்துங்கள். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சுப்புகை வரும்.

கடைசியாக, மாமனாரின் சர்க்கரை. 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. சர்க்கரை ஏறி நிற்கும் உடம்பில் புண் ஆறாது. கிருமியை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்களும் மந்தமாகிவிடும். நீங்கள் துண்டை எவ்வளவு பிரித்து வைத்தாலும், அவர் காலையில் கெட்டிப்பால் தே குடித்துக்கொண்டிருந்தால் அந்தப் பிடரிப் புண் மூடாது.


பதில் 2: செந்தூல்காரன்

நான் இந்த நோயைப் பட்டு எழுந்தவன். கோலாலம்பூரில் ஃபுட்சால் விளையாடும்போது செயற்கைப் புல்தரையில் விழுந்து முழங்கை உராய்ந்தது. வேறொருவரின் துண்டால் அதைத் துடைத்துக்கொண்டு விளையாட்டைத் தொடர்ந்தேன். அந்தத் துண்டால்தான் வந்தது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நான்காம் நாள் முழங்கை முருங்கைக்காய் சாம்பார்ச் சட்டியைப் போலக் கொதித்தது. முதலில் போன கிளினிக்கில் சிலந்திக்கடி என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். சிலந்தி எதையும் நான் பார்க்கவேயில்லை. பின்னால் மருத்துவமனையில் சொன்னார்கள், இந்தத் தொற்றைச் சிலந்திக்கடி என்று தவறாக நினைப்பது உலகம் முழுவதும் நடப்பதாம்.

எனக்கும் இரத்தத்தில் இறங்கிவிட்டது. இதயத்தின் வால்வில் ஒட்டியிருக்கிறதா என்று எக்கோ எடுத்தார்கள். முதுகு வலிக்கிறதா என்று தினமும் கேட்டார்கள். எதற்கு முதுகைக் கேட்கிறார்கள் என்று அப்போது புரியவில்லை. இந்தக் கிருமி இரத்தத்தோடு போய் முதுகெலும்பில் குடியேறக் கூடியது என்பதும், அதனால் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் புதிதாக வரும் முதுகு வலியை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதும் பிறகுதான் தெரிந்தது. உங்கள் மாமனாரும் இதை நினைவில் வைத்திருக்கட்டும். குளிர்க்காய்ச்சல் திரும்பினாலும், புண்ணைச் சுற்றிய சிவப்பு பரவினாலும், ஆள் மந்தமாகிப் பேச்சு தடுமாறினாலும் விடியும் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

ஆறு வாரம் மருந்து ஏறியது. ஒருநாள் சொட்டு வேகமாக இறங்கியதில் தலை, கழுத்து, மார்பு எல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியது போலச் சிவந்து அரித்தது. ஒவ்வாமை என்று பயந்துபோனேன். அது மருந்து வேகமாக ஏறியதன் விளைவு, மெதுவாக விட்டால் சரியாகிவிடும் என்று தாதி வேகத்தைக் குறைத்தார். அரை மணி நேரத்தில் அடங்கியது. இரண்டு மூன்று நாளுக்கொரு முறை இரத்தம் எடுத்துச் சிறுநீரகத்தையும் மருந்தின் அளவையும் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மூன்று மாதம் வரை இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. முகத்தில் ஒரு பரு வந்தாலும் தூக்கம் போனது. ஆட்ட நண்பர்களில் ஒருவர் கை கொடுக்க வந்து, பாதியில் நினைவு வந்தவராய்க் கையை இழுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நோயை மறந்துவிட்டேன், அந்தக் கையை இன்னும் மறக்கவில்லை. உங்கள் மாமனார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார் என்று படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. சகோதரி, அவரைக் குடும்பத்தோடு உட்கார வைத்துச் சாப்பாடு போடுங்கள்.

இன்னொன்று. பல் பிடுங்கப் போனாலும், வேறு எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும், எனக்கு எம்ஆர்எஸ்ஏ இருந்தது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் அதை ஒரு சிறு அட்டையில் எழுதி அடையாள அட்டையோடு வைத்திருக்கிறேன்.


பதில் 3: தண்ணீர்மலை அடியார்

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். நம் பாட்டன் காலத்தில் தோட்டத்தில் கட்டி வந்தால் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்டார்கள், உடைந்து ஆறியது. மஞ்சள் கிருமிநாசினி என்று அறிவியலே சொல்கிறதே? ஆண்டுதோறும் அலகு குத்தி, திருநீறு வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறோம், ஒன்றும் ஆனதில்லை.


பதில் 4: பிறை மருந்தாளர்

ஐயா சொல்வதில் பாதி உண்மை. பெரும்பாலான சிறு கட்டிகள் எதைப் போட்டாலும், எதுவும் போடாவிட்டாலும் உடைந்து ஆறிவிடும். புகழ் மட்டும் கடைசியாகப் போட்டதற்குப் போய்விடும். ஆறாமல் போன கட்டிகளோடு போனவர்கள் திரும்பி வந்து சாட்சி சொல்லவில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் ஆய்வகக் கண்ணாடித் தட்டில் கிருமியைத் தடுப்பது வேறு, ராஜபிளவையின் ஆழத்தில் பல அறைகளாகத் தேங்கியிருக்கும் சீழை அது சென்றடைவது வேறு. சீழுக்கு வழி வெட்டி விடுவதுதான் முதல் மருந்து. மாத்திரை அதற்கு அடுத்தது. பிதுக்குவதால் சீழ் வெளியே வருவதைப் போலவே உள்ளேயும் தள்ளப்படும்.

இந்த மருத்துவக் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. 1928இல் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தது இதே ஸ்டேஃபைலோகாக்கஸ் வளர்ந்த தட்டில் பூஞ்சை விழுந்ததால்தான். மருந்து பரவலாகப் புழங்கத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே இந்தக் கிருமி அதை உடைக்கும் நொதியைப் பெருக்கிக்கொண்டது. அதை வெல்ல 1959இல் மெத்திசிலின் வந்தது; 1961இல் அதற்கும் அடங்காத வகை பிரிட்டனில் பதிவாகிவிட்டது. எம்ஆர்எஸ்ஏ என்ற பெயரில் உள்ள 'எம்' அந்த மெத்திசிலின்தான். இந்த வகைக் கிருமி தன் செல்சுவரைக் கட்டும் புரதத்தையே மாற்றி அமைத்துக்கொள்வதால், கிளாக்சசிலின், அமாக்சிசிலின், செஃபலெக்சின் போன்று கிளினிக்குகளில் முதலில் கொடுக்கும் மருந்துகள் அதில் ஒட்டுவதில்லை. சகோதரியின் மாமனாருக்கு ஐந்து நாள் மாத்திரை ஏன் பலிக்கவில்லை என்பதற்கு இது காரணமாக இருக்கலாம். அந்த மருத்துவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீரிழிவுக்காரரின் பிடரிக் கட்டியில் சீழ் கசியும்போது அதில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கலாம். நோயாளிகளே அதைக் கேட்டுப் பெறலாம், தவறில்லை.

சிலருக்கு மருத்துவர் 'கிருமி நீக்கம்' எழுதித் தருவார்: முப்பிரோசின் களிம்பை நாளுக்கு இருமுறை ஐந்து நாள் மூக்குத்துவாரத்தில் தடவுவதும், 4 விழுக்காடு குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவத்தால் குளிப்பதும் அதில் அடங்கும். குளோர்ஹெக்சிடினைத் தேய்த்தவுடன் அலசிவிடாமல் இரண்டு மூன்று நிமிடம் உடம்பில் விட வேண்டும்; அக்குள், தொடை இடுக்கு, தொப்புள் ஆகியவற்றை விட்டுவிடக் கூடாது; கண்ணிலும் காதுக்குள்ளும் படக் கூடாது. அமெரிக்காவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்கள் மாதத்தில் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நாள் என ஆறு மாதம் இப்படிச் செய்ததில், மறுபடி எம்ஆர்எஸ்ஏ தொற்று வருவது ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது. அதற்காக எல்லோரும் முப்பிரோசினை வாங்கி நாள்தோறும் மூக்கில் தடவாதீர்கள். அதற்கும் கிருமி பழகிக்கொள்ளும். வீட்டில் மிச்சம் இருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். மருந்துச் சீட்டு இல்லாமல் நாங்கள் அதை விற்கக் கூடாது என்று சட்டம் இருப்பது காரணமில்லாமல் அல்ல.


மறுமொழி: ஆயர் ஈத்தாம் மருமகள்

மாமனார் வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது; அதனால்தான் தாமதமாக எழுதுகிறேன். மிஸி அக்கா சொன்னபடி குளியலறைச் சுவரில் ஆறு கொக்கிகள் மாட்டினோம். மாமனாருக்குப் பச்சைத் துண்டு. முதல் நாள் மாமியார் பழக்கத்தில் அதை எடுத்து முகம் துடைக்கப் போக, கொழுந்தன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். காலைத் தேயை இனிப்பில்லாமல் குடிக்க வைப்பதுதான் கட்டுப் போடுவதைவிடக் கடினமாக இருக்கிறது. புண் இப்போது மிளகளவுக்குச் சுருங்கிவிட்டது.

மூன்றாம் வாரத்தில் கணவருக்குத் தொடையில் ஒரு கட்டி வந்தபோது வீடே ஒடுங்கிப் போனது. இந்த முறை யாரும் பற்றுப் போடவில்லை, பிதுக்கவும் இல்லை. மறுநாளே சுகாதார கிளினிக்குக்குப் போய், கீறிச் சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பும்படி நாங்களே கேட்டோம். முடிவு வந்தபோது அது சாதாரண ஸ்டேஃபைலோகாக்கஸ், கிளாக்சசிலினுக்கு அடங்கும் வகை என்றிருந்தது. மாமனார் அந்தத் தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். அன்று இரவு அவரே பேரனைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

இப்போது அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்: அடுத்த தைப்பூசத்துக்கு முடியிறக்கலாமா?


பதில் 5: பழைய வார்டு மிஸி

புண் முழுதாக மூடி, சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தாராளமாக இறக்கலாம், தங்கச்சி. புது பிளேடை உறையிலிருந்து தன் கண் முன்னால் பிரித்துக் கத்தியில் மாட்டச் சொல்லட்டும். நாவிதர் கேட்டுக் கோபித்துக்கொள்ள மாட்டார். தலையைத் துடைக்கச் சொந்தத் துண்டைக் கொண்டு போகட்டும். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் கீறல் இருக்கிறதா என்று நீங்கள் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அவருக்கு அந்த இடம் தெரியாது. சந்தனத்தைக் கீறல் இல்லாத இடத்தில் பூசிக்கொள்ளட்டும்.